கேட்காததைக் கேட்டதென்று சொல்லாதவள்

ஜெசிந்தா இறந்துவிட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். கணினித் திரையில் கேள்வி வந்து நின்றது. பதில் சொல்ல வேண்டியவள் இன்னும் வேலைக்கு வரவில்லை. பரிசோதனை அதற்கு மேல் ஓர் அடி நகரவில்லை. "எங்கை போய்த் துலைஞ்சாள் இவள்?" என்று நான் சத்தமாகவே கேட்டேன். அந்த நேரம்தான் அவளுடைய தங்கை பிரமிளா தொலைபேசியில் வந்தாள். "வதனியக்கா, அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றாள். காலையில் கிணற்றடியில் நின்றவள் தலையிடிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தலைக்குள் நரம்பு வெடித்ததாம்.

திரையில் அந்தக் கேள்வி அன்று முழுவதும் அப்படியே நின்றது. இதைக் கவிதையாக்க எனக்கு விருப்பமில்லை, அவளுக்கும் இருந்திராது. ஆள் வரும்வரை நிற்கத்தான் அதை அவள் எழுதி வைத்திருந்தாள். அது தன் வேலையைச் செய்தது.

முப்பத்தோராம் நாள் திருப்பலியன்று கொடுக்கிற நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி பிரமிளா கேட்டாள். மலரைத் தொகுப்பவர்கள் 'அவர்' என்று மரியாதையாக எழுதச் சொன்னார்கள். என்னால் முடியாது. பல்கலைக்கழக வளாகத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவள், பிறகு ஒரே அறையில் வருடக்கணக்காக என்னோடு வேலை செய்தவள், என்னை ஒருநாளும் 'நீங்கள்' என்று கூப்பிட்டதில்லை. செத்த பிறகு அவளைத் தூரத்தில் வைக்க நான் யார்? அவள் என்றே எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

இதை வாசிக்கிற பலருக்கு அவளைக் கோயில் பாடற்குழுவில் தெரிந்திருக்கும். மீன் சந்தையில் தராசைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நின்றவளாகத் தெரிந்திருக்கும். அவளுடைய வேலை என்னவென்று பாதிப்பேருக்குத் தெரியாது. 'கொம்பியூட்டரில் ஏதோ' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே சொல்கிறேன். உள்துறைமுகப் பக்கம் ஒரு தையற்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பனி. மீன்பிடிப் படகுகளில் பூட்டுகிற ஒரு சிவப்புப் பெட்டிக்கு நாங்கள் மென்பொருள் எழுதுகிறோம். கடலில் ஆபத்தென்றால் அந்தப் பெட்டியின் பொத்தானை அமத்த வேண்டும். கரைக்குச் செய்தி போகும். கரையில் இருப்பவர் அதைப் பார்த்துப் பதில் அனுப்பினால், படகில் இருக்கிற பெட்டி கீச்சென்று கத்தும்.

அந்தக் கத்தல் எதற்கு என்று சல்லிக் கரையில் மீன்பிடித் தொழில் செய்கிற என் அண்ணன் ஒருமுறை ஜெசிந்தாவுக்கு விளங்கப்படுத்தினார். "தங்கச்சி, சத்தம் கேட்டுதெண்டால் ஆரோ வருகினம் எண்டு படகோடை இருப்பம். கேக்காட்டி என்ன செய்யிறது? கரை வெளிச்சத்தைப் பாத்து நீந்தத்தான் மனம் சொல்லும். நீந்தினவன் திரும்பி வாறது கடவுள் புண்ணியம்." அடுத்த நாளே அவள் வந்து அந்தச் சத்தத்தோடு மல்லுக்கட்டத் தொடங்கினாள்.

ஒவ்வொரு பெட்டியும் வெளியே போகுமுன் ஒரு நிரல் அதைத் தானாகப் பரிசோதிக்கும். அந்த நிரலை எழுதியது நான். செய்தி போனதா, பதில் வந்ததா, பற்றரியில் எவ்வளவு மிச்சம், எல்லாவற்றையும் அதுவே பார்த்துவிடும். பெட்டி உண்மையாகக் கத்தியதா என்பதை மட்டும் அதனால் சொல்ல முடியாது. 'கத்து' என்று தான் கட்டளை கொடுத்தது அதற்குத் தெரியும், அவ்வளவுதான். அதனால் அந்த இடத்தில் நிரல் நிற்கும். கறுப்புத் திரையில் ஒரு கேள்வியை எழுதிவிட்டு மனிதருடைய பதிலுக்குக் காத்திருக்கும். அந்த மனிதர் ஜெசிந்தா.

முதலில் கேள்வி ஆங்கிலத்தில்தான் இருந்தது. வேலைக்கு வந்த முதல் கிழமையே அவள் அதை அழித்துவிட்டுத் தமிழில் எழுதினாள்: 'சத்தம் கேட்டதோ? உள்ளதைச் சொல். கேட்டால் 1, கேட்காவிட்டால் 0.' எங்கள் முகாமையாளர் குகன் சேருக்கு அது பிடிக்கவில்லை. கம்பனியின் திரையில் இப்படி வீட்டுக் கதை எழுதலாமா என்று கேட்டார். "சேர், இங்கிலீசிலை ஆர் என்ன கேட்டாலும் எங்கடை ஆக்கள் ஓம் ஓம் எண்டுதானே தலையாட்டுவினம்" என்றாள் ஜெசிந்தா. "வங்கியிலை கேட்டாலும் ஓம், ஆஸ்பத்திரியிலை கேட்டாலும் ஓம். விளங்காட்டியும் ஓம். தமிழிலை கேட்டால்தான் காது கொடுத்துக் கேட்டிட்டுச் சொல்லுவினம்." சேர் சிரித்துவிட்டார். அவரும் அப்படித் தலையாட்டுகிறவர்தான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவரைக் கெட்டவராக்குவதற்கு இதை எழுதவில்லை. நல்ல மனிதர். கொழும்புத் தலைமையகத்தில் இருந்து பெட்டி எங்கே, பெட்டி எங்கே என்று நாளும் பொழுதும் அவரைத்தான் அரிப்பார்கள். அந்த அரிப்பைத் தாங்க முடியாமல் ஒருநாள் அவர், கேள்விக்குக் கொஞ்ச நேரம் மட்டும் கொடுப்போம், அதற்குள் யாரும் பதில் சொல்லாவிட்டால் நிரலே 'கேட்டது' என்று எடுத்துக்கொண்டு மேலே போகட்டும் என்றார். தேநீர் குடிக்கப் போகிற நேரமெல்லாம் வேலை நிற்கிறதாம். ஜெசிந்தா கதிரையை விட்டு எழும்பவில்லை.

"ஆளில்லாட்டி நிக்கட்டும் சேர். நிண்டதாலை ஒரு பெட்டியும் ஒருத்தரையும் கொல்லேல்லை."

இந்த வசனத்தை அவள் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டவர்களுக்கு எரிச்சல் வந்தது மட்டும் தெரியும்.

பிறகு பீப்பாக் கதை. எங்கள் அறையில் வைத்துக் கேட்டால் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் கத்தும். "இஞ்சை ஆர் மீன் பிடிக்கினம்?" என்று அவள் கேட்டாள். என் அண்ணனிடம் பழைய படகு இஞ்சின் ஒன்றை இரவல் வாங்கி, முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, தையற்கடைக்குப் பின்னால் தண்ணீர் நிறைத்த பீப்பாவுக்குள் அதன் விசிறியுள்ள காலை விட்டுப் பூட்டினாள். இஞ்சினைக் கிளப்பக் கயிற்றை இழுத்தாளே, ஊரே எழும்பிவிட்டது. எங்கள் ஊரில் மாடுகளைப் போலத் தெருவில் குப்பை மேய்கிற மான்கள் கடற்கரைப் பக்கம் ஓடின. தையற்கடை அண்ணர் கையில் அளவு நாடாவோடு ஓடிவந்து, "பிள்ளை, உனக்குப் பைத்தியமே! பொம்பிளையளின்ரை கலியாணச் சட்டை தைச்சுக்கொண்டிருக்கிறன், கை நடுங்குது!" என்று கத்தினார். அவளோ பீப்பாவுக்குப் பக்கத்தில் மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தாள். திரையில் கேள்வி வந்தது. பெட்டியைப் பார்த்தாள், காதைச் சரித்தாள், 0 என்று அமத்தினாள். அன்று வந்த அத்தனை பெட்டிக்கும் 0 தான். கத்தியதெல்லாம் இஞ்சின் சத்தத்துக்குள் அமுங்கிப் போயிருந்தது.

கொழும்புக்காரருக்கு அது பெரிய தலையிடியாகப் போய்விட்டது. சத்தத்தைக் கூட்டினார்கள், பெட்டியின் துவாரத்தை மாற்றினார்கள். மாற்றியதை மறுபடியும் பீப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் ஜெசிந்தா கேட்டாள். தையற்கடை அண்ணரோடு ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தாள்: மத்தியானம் அவர் சாப்பிடப் போகிற நேரம் மட்டும் இஞ்சின் ஓடும். கொஞ்ச நாளில் அவரே மேலே வந்து, "இண்டைக்குக் கேட்டுதோ பிள்ளை?" என்று விசாரிக்கத் தொடங்கினார்.

அவளை விட்டுத் தப்ப ஒரு வழி பார்த்தார்கள். தங்கையின் கலியாணத்துக்காக அவள் ஒரு கிழமை லீவு எடுத்தாள். நானும் அந்தக் கலியாண வீட்டில்தான் நின்றேன். அந்தக் கிழமை கொழும்பிலிருந்து திட்டப் பொறுப்பாளர் வந்தார். கேள்வி வந்ததும் தானாக 1 என்று பதில் கொடுக்கிற ஒரு வரியை நிரலில் சேர்த்துவிட்டார். பெட்டிகளெல்லாம் மளமளவென்று தேறின. திரை முழுக்கப் பச்சை. அவர் சந்தோசமாகத் திரும்பிப் போனார். திங்கட்கிழமை ஜெசிந்தா மருதாணிக் கையோடு வந்து, மேசைக்குக் கீழே காலை நீட்டியபோது ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தால் ஒரு அட்டைப்பெட்டி. ஒட்டின ரேப் கூடப் பிரிக்கவில்லை. அந்தக் கிழமை தேறின பெட்டிகளுக்குள் பூட்ட வேண்டிய ஒலிப்பான்கள் அத்தனையும் அதற்குள்தான் கிடந்தன.

வாயே இல்லாத பெட்டி கத்தியதாம், அது கேட்டதாம். அவள் அந்த அட்டைப்பெட்டியை ஒரு பிள்ளையைத் தூக்குவதுபோல இடுப்பில் வைத்துக்கொண்டு அறையறையாகப் போனாள். "கேட்டதாமெல்லோ! உங்களுக்கும் கேட்டதோ? வடிவாக் கேட்டதோ?" என்று எல்லோரையும் விசாரித்தாள். நாங்கள் சிரித்துச் சிரித்துக் களைத்துப்போனோம். அவள் சிரிக்கவில்லை. குகன் சேரின் மேசையில் அதை வைத்தபோது அவளுடைய கண் கலங்கியிருந்தது. "இதுகள் நேரை கடலுக்குப் போயிருக்கும் சேர்" என்று மட்டும் சொன்னாள். சேர் அன்றைக்கே அந்தப் பெட்டிகளை நிறுத்தினார். அந்த நன்றி அவருக்கு உண்டு.

அதற்குப் பிறகு அவள் ஒரு வேலை செய்தாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அது பிடிக்கிறது. நிரலுக்குள் இன்னொரு கேள்வியை நுழைத்தாள். இடையில் எங்கேயோ, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில், நிரல் பெட்டியை வாய்மூடச் சொல்லிவிட்டு அதே கேள்வியைக் கேட்கும்: சத்தம் கேட்டதோ? அங்கே சரியான பதில் 0. யோசிக்காமல் 1 என்று அமத்தினால், அது மனிதராக இருந்தாலும் சரி, யாரோ சேர்த்த வரியாக இருந்தாலும் சரி, அதுவரை செய்த முழுப் பரிசோதனையும் செல்லாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அதில் முதல் விழுந்தவள் அவளே. தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஒருசந்தி நோன்பு இருந்து களைத்துப்போய் இருந்தாள். கீழே லொறி வந்து நின்றது. கடைசிப் பெட்டிகள். அவளுடைய விரல் பழக்கத்தில் 1-இல் விழுந்துவிட்டது. திரை எல்லாவற்றையும் தள்ளிவிட்டது. குகன் சேர் பதறிப்போய், "ஜெசிந்தா, உங்கடை பிழைதானே, பெட்டியின்ரை பிழை இல்லையே, அந்த ஒண்டை மட்டும் மாத்திவிடுங்கோ" என்று கெஞ்சினார். "அந்த ஒண்டிலை நான் கேக்காமல் அமத்தினனான் எண்டால், மிச்சத்திலை கேட்டுத்தான் அமத்தினனான் எண்டதுக்கு என்ன சாட்சி?" என்று அவள் கேட்டாள். பிறகு தன்னையே தூசணத்தால் திட்டிக்கொண்டு, லொறிக்காரருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, முதலிலிருந்து தொடங்கினாள். ஒருசந்தி நாளில் தூசணம் பேசியதைப் பங்குத்தந்தையிடம் சொன்னாளோ இல்லையோ, எனக்குத் தெரியாது.

மைக்கை வைத்துக் கேட்பிக்கலாமே என்று கெட்டிக்காரர் பலர் எங்களுக்குப் புத்தி சொன்னார்கள். இதை வாசிக்கிறவர்களிலும் சிலர் இப்போது அதைத்தான் நினைப்பீர்கள். அதையும் செய்து பார்த்தோம்; அவளே பூட்டினாள். கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கியை மைக் 'கேட்டது' என்று எழுதியது. தெருவில் போன முச்சக்கரவண்டியின் ஹோர்னையும் எழுதியது. அதைத் திருத்தலாம், திருத்தினோம். ஆனாலும் இஞ்சினுக்குப் பக்கத்தில் நனைந்துபோய், பயந்துபோய் நிற்கிற மனிதனுக்குக் கேட்குமா என்பது மைக்குக்குத் தெரியாது. "நான் நனையேல்லை, பயப்பிடேல்லை. ஆனால் எனக்குக் காது கிடக்கு. இப்போதைக்கு உள்ளது அதுதான்" என்றாள்.

செத்தவீட்டில் ஒரு கதை கேள்விப்பட்டேன். அவளுடைய குடும்பத்தில் யாரோ கடலில் போனதால்தான் அவள் இந்த விசயத்தில் இவ்வளவு பிடிவாதமாக நின்றாளாம். இதை நான் இங்கேயே முறித்துப் போடுகிறேன். அவளுடைய குடும்பத்தில் கடலுக்குப் போனவர் ஒருவரும் இல்லை. தகப்பன் துறைமுகத்தில் எழுதுவினைஞர். அவளுக்கு நீந்தவே தெரியாது; வள்ளத்தில் ஏறினால் சத்தி எடுப்பாள். உள்ளதை உள்ளபடி சொல்ல வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்க வேண்டுமா? ஒருத்தி தன் வேலையை ஒழுங்காகச் செய்தால், அதற்குப் பின்னால் ஒரு கண்ணீர்க் கதை இருந்தால்தான் உங்களுக்கு நம்பிக்கை வருமா? அவளுக்கு அது சரியென்று பட்டது, செய்தாள். வேறு காரணம் இல்லை.

அடக்கத்தன்று கோயிலில் குகன் சேர் நன்றாகத்தான் பேசினார். அழுதார். அழுதுகொண்டே, "எங்கள் ஜெசிந்தா ஒருநாளும் எவருக்கும் இல்லை என்று சொன்னதில்லை" என்றார். சபை முழுக்கத் தலையாட்டியது. நான் தலையாட்டவில்லை. பீடத்துக்கு முன்னால் வாய் திறக்கவில்லை. சேமக்காலையில் மண் போட்டுவிட்டு வாசலுக்கு வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"சேர், அவள் இல்லையெண்டு சொல்லித்தான் சம்பளம் எடுத்தவள். அதைச் சொல்லுறதிலை உங்களுக்கு என்ன வெக்கம்?"

"வதனி, செத்தவையைப் பற்றி நல்லதைத்தானே சொல்ல வேணும்" என்றார் அவர்.

"நானும் நல்லதைத்தான் சொல்லுறன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். இரண்டு பேருக்கும் அழுகைதான். இரண்டு பேரும் வேறு வேறு ஆளுக்கு அழுதோம் என்று எனக்குப் பட்டது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். அவளைத் தெரிந்த நீங்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும். இறக்கக்கண்டி மீனவக் கிராமத்துப் படகுகளுக்கென்று புதிய பெட்டிகள் வந்திருந்தன. தண்ணீர் போகாமலிருக்க இந்த முறை தடித்த றப்பர் உறை போட்டிருந்தார்கள். கையளிப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது, பிரதம விருந்தினர் வருவதாகவும் சொல்லிவிட்டார். குகன் சேர் என் மேசைக்கு வந்து மெதுவாகச் சொன்னார்: "ஜெசிந்தா இல்லைத்தானே, வதனி. இனி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லை. அதை நிரலிலை இருந்து எடுத்துவிடுங்கோ. அவவின்ரை ஞாபகத்துக்கு விழாவிலை அவவின்ரை படத்தை வைப்பம்."

கேள்வியை எடுத்துவிட்டுப் படத்தை வைப்பார்களாம்! "ஏலாது சேர்" என்றேன். "ஆளிருக்கு. நான் இருக்கிறன்." அடுத்த நாள் மத்தியானம் தையற்கடை அண்ணர் சாப்பிடப் போகவில்லை. அவர்தான் பீப்பாவுக்குத் தண்ணீர் நிறைத்தார், அவர்தான் கயிற்றை இழுத்தார். குகன் சேர் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இஞ்சின் ஓடியது. ஜெசிந்தா இருந்த முக்காலியில் நான் இருந்தேன். திரையில் அவளுடைய வசனம் வந்தது. பெட்டியில் விளக்கு எரிந்தது, உறைக்குள் ஏதோ துடித்ததைக் கைவைத்தால் உணர முடிந்தது. காதில் மட்டும் இஞ்சினைத் தவிர வேறொன்றும் விழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கிட்டப் போனேன். கேட்க வேண்டுமென்று எனக்கும் ஆசைதான். வேலையை இழக்க யாருக்கு ஆசை? 0 என்று அமத்தினேன். அடுத்த பெட்டிக்கும் 0. அதற்கடுத்ததற்கும் 0. இடையில் நிரல் பெட்டியை வாய்மூட வைத்து ஒருமுறை கேட்டது, அதற்கும் 0.

சேர் இறங்கி வந்து இஞ்சினை நிறுத்தச் சொன்னார். "விழா என்ன ஆகிறது? கொழும்புக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்று கேட்டார்.

"கேக்கேல்லை எண்டு நான் சொல்லுறன் சேர். என்ரை பேரிலையே சொல்லுங்கோ."

இந்த மலர் அச்சுக்குப் போகிற நேரத்தில் அந்தப் பெட்டிகள் எங்கள் அறையில்தான் அடுக்கிக் கிடக்கின்றன. விழா தள்ளிப்போயிருக்கிறது. பரிசோதனை வேலையைக் கொழும்புக்கே மாற்றிவிடலாம், வதனிக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று ஒரு கதை அடிபடுகிறது. மாற்றட்டும். ஓய்வும் தரட்டும். இறக்கக்கண்டிக்குப் போய், விழா ஏன் தள்ளிப்போனது என்று மீனவர் சங்கத்தாருக்கு நானே சொல்லிவிட்டு வந்தேன். கோபப்படுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். சொந்தப் படகுகள் வைத்துத் தொழில் செய்கிற ஒரு வயதான சம்மாட்டி, "அப்ப அது கேக்கிற நாள் பாத்துக் கொண்டு வாங்கோ மகள். அதுவரைக்கும் நாங்கள் கரையோரம் தொழில் செய்யிறம்" என்றார். அவர்களுக்குப் பொறுக்க முடிகிறது. விழா வைக்கிறவர்களுக்குத்தான் முடியவில்லை.

நினைவு மலர்களில், இறந்தவர் விட்டுச்சென்ற பண்புகள் என்று கொஞ்சம் எழுதுவது வழக்கம். அன்பு, பணிவு, பொறுமை. ஜெசிந்தாவிடம் பணிவு இருக்கவில்லை. பொறுமை தேவைப்பட்டபோது மட்டும் இருந்தது. அன்பு இருந்தது, அதை அவள் திட்டித்தான் காட்டுவாள். மத்தியானச் சோற்றுப் பொதியை அவிழ்க்கும்போது பாதி மீன் பொரியலைக் கேட்காமல் எடுக்க ஆளில்லை. இந்தக் குறை போகாது, போகவும் வேண்டாம்.

நான் அவளிடமிருந்து எடுத்து வைத்திருப்பது அவளுடைய அந்த 0. அதைப் படத்துக்குள் போட்டுச் சுவரில் மாட்ட விடமாட்டேன். இந்த அறையில் இருந்தாலும், வேறு அறைக்குப் போனாலும், பெட்டியைப் பக்கத்தில் வைத்து, இஞ்சினை ஓடவிட்டு, காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பேன். கேட்டால் கேட்டது என்பேன். இறக்கக்கண்டிப் பெட்டிகள் எனக்குக் கேட்கவில்லை. யாரிடம் வேண்டுமானாலும் போய்ச் சொல்லுங்கள்.